அப்புறம் சொல்றேன்

என் அக்கா மகளுக்குக் காது குத்தும்போது அவள் என் மடியில்தான் இருந்தாள். 2013, உசிலம்பட்டி பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். மதுரைப் பக்கம் காதுகுத்து என்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, தாய்மாமன் சீர், மேளம், வேட்டு, மொய் நோட்டு, கிடா விருந்து என்று ஒரு கல்யாணத்துக்குக் குறையாது. பதினோரு மாதப் பிள்ளை அவள். எங்களுக்கு இருபதடி தள்ளி வேட்டுப் போட்டார்கள். பக்கத்தில் இருந்த சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டார், சுற்றியிருந்த கைப்பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழுதன, என் மடியில் இருந்தவள் மட்டும் என் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தாள். "மாமன் மடியில எவ்வளவு தைரியமா இருக்கா பாரு" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆசாரி கம்பியை இறக்கியபோதுதான் அழுதாள்.

அன்றைக்கே எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒன்றரை வயதாகியும் அம்மா என்ற சொல் வரவில்லை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினார்கள், கோயில் மணியில் தீர்த்தம் ஊற்றிப் பிடித்துக் கொடுத்தார்கள். டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், "சில பிள்ளைக மெதுவாத்தான் பேசும், மூணு வயசு வரைக்கும் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்களுக்கு ஒரு வருடம் போனது. கடைசியில் பெரா டெஸ்ட் எடுத்தபோது அவளுக்கு இரண்டரை வயது. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் கொடுத்து நரம்பும் மூளையும் அதற்குப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு காதிலும் 95 டெசிபல் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதற்குக் குறைந்த சத்தம் அவளுக்குக் கேட்காது என்று அர்த்தம். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். அப்படியானால் இரண்டரை வருடமாக அக்கா பாடிய தாலாட்டு ஒன்றுகூட அவள் காதுக்குப் போகவில்லை.

பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் காது மெஷினோ பயிற்சியோ ஆரம்பித்துவிட வேண்டும். இந்த 1, 3, 6 கணக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இப்போது நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். ஓஏஈ என்கிற முதல் சோதனைக்குச் சில நிமிடம் போதும், தூங்குகிற பிள்ளையின் காதில் ஒரு சின்னக் குமிழை வைத்து எடுத்துவிடுவார்கள். வலி கிடையாது. கதவு தட்டினால் பிள்ளை திரும்புகிறது, அதனால் காது கேட்கிறது என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். அதிர்வையும் நிழலையும் வைத்தே பிள்ளைகள் திரும்பும், எங்கள் பாப்பா அப்படித்தான் எங்களை ஏமாற வைத்தாள்.

பழி முழுக்க அக்கா மேல்தான் விழுந்தது. மாசமாக இருக்கும்போது கிரகணத்தில் வெளியே வந்தாளாம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி வேறு, "சொந்தத்துல கல்யாணமா?" ஆமாம், மச்சான் எங்கள் அத்தை மகன். சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் காது கேளாமைக்கான மரபணு மாற்றம் இரண்டு பேரிடமும் ஒன்றுபோல மறைந்திருந்தால், அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே வம்சத்துக்குள் கொடுத்து எடுக்கும்போது அப்படி இருவரும் சேர்ந்துவிடுவது எளிது. அதில் அம்மா பாதி என்றால் அப்பா பாதி. இதை அப்பத்தாவுக்கு நான் பேப்பரில் கட்டம் போட்டு விளக்கினேன், அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் கிரகணப் பேச்சு நின்றது. வேறு காரணங்களும் இருக்கின்றன, கர்ப்பத்தில் வருகிற ரூபெல்லா என்கிற அம்மை, பிறந்ததும் கடுமையாகத் தாக்குகிற மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல். ரூபெல்லாவுக்குத் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஊசி போட்டார்கள், அப்போது வாட்ஸப்பில் என்னென்னவோ புரளி வந்து பலர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு ஆத்திரமாக வந்தது.

காக்ளியர் அறுவைச் சிகிச்சை, அதாவது உள்காதில் கருவி பொருத்துவது, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "தலையில கத்தி வைக்க விடமாட்டேன்" என்றார், பயம்தான், பெற்றவன் பயம். அவர் மனசு மாறியபோது வயது தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் இன்னொரு பையனுக்கு மூன்று வயதில் செய்தார்கள், இன்றைக்கு போனில்கூடப் பேசுகிறான். ஆனால் அது ஆபரேஷன் முடிந்த அன்றைக்கு வந்த பேச்சு இல்லை. அவன் அம்மா வருடக்கணக்கில் தினமும் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தது எனக்குத் தெரியும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளியே மாட்டுகிற கருவியைக் கழற்றினால் அவனும் காது கேளாத பிள்ளைதான்.

எங்கள் பாப்பாவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின். அதோடு குடும்பம் நடத்துவது தனி வேலை. 675 பேட்டரி, நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை உரித்ததும் உள்ளே காற்று போய் பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், அதனால் உரித்து ஒரு நிமிடம் வைத்திருந்து போட வேண்டும், உரித்ததைத் திரும்ப ஒட்டிச் சேமிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. காதுக்குள் போகிற மோல்டு பிள்ளை வளர வளரச் சின்னதாகிவிடும், அப்போது கீ என்று விசில் அடிக்கும். அந்த விசில் அவளுக்குக் கேட்காது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் கேட்கும், "மெஷின் ரிப்பேர், கழட்டி வை" என்பார்கள். ரிப்பேர் இல்லை, புது மோல்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மதுரை சித்திரை மாத வெயிலில் வியர்வை இறங்கி இரண்டு தடவை மெஷின் கெட்டுப்போனது. இப்போது என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற சாமான் பெட்டிகளில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எடுத்துவைத்து, இறுக்கமாக மூடுகிற ஒரு டப்பாவில் போட்டு, ராத்திரி மெஷினை அதற்குள் வைத்துவிடுகிறோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கப்புறம் கெடவில்லை.

சரி, மெஷின் வந்துவிட்டது, பிள்ளை பேசிவிடும் என்று நினைத்தோம். 95 டெசிபலுக்கு மெஷின் தருவது சத்தத்தைத்தான், சொல்லை அல்ல. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன என்று தெரியாது. மீதியை உதட்டைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். தமிழில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது. என் அம்மா அவளைப் பார்த்து, நன்றாக வாயைத் திறந்துதான், "மாலை எடு" என்றார். அவள் ஓடிப்போய் பால் செம்பை எடுத்து வந்தாள். "என்ன சொன்னாலும் தலைகீழாப் பண்ணுறா" என்று அம்மா திட்ட, அவள் முகம் செத்துப்போனது. நான் கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். மாலை எடு, பாலை எடு. உதட்டில் இரண்டும் ஒன்றுதான். பணம் மணம், படி மடி, எல்லாமே அப்படித்தான். க என்பது தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே ஒன்றுமே தெரியாது. அவள் தலைகீழாகப் பண்ணவில்லை, அவளுக்குத் தெரிந்ததில் சரியாகத்தான் செய்தாள்.

இதற்குக் கை இருக்கிறது. ஆனால் எங்களுக்கு ஆரம்பத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், சைகை செய்யாதீர்கள், பேச்சு வராமல் போய்விடும் என்று. அக்கா அதை நம்பி, பாப்பா கையைத் தூக்கினாலே தட்டிவிடுவாள். பாவம், அவளும் என்ன செய்வாள். இது புதுசாக வந்த பேச்சும் இல்லை, 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் ஆசிரியர்கள் மாநாடு கூட்டிப் பள்ளிகளில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், அதைத் தவறு என்று அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் வான்கூவரில் ஒத்துக்கொள்ள 2010 ஆனது. நடுவில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சைகை தெரிந்தால் பேச்சு போய்விடாது. ஒரு மொழி உள்ளே உட்கார்ந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மொழி வரும். ஒன்றுமே இல்லாமல் ஐந்து வயது வரை விட்டால்தான் ஆபத்து.

அவள் சைகை கற்றது நாங்கள் விடுதியோடு இருக்கிற பள்ளியில் சேர்த்த பிறகு, அங்கே பெரிய பிள்ளைகளிடம்தான். முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தவள் மூக்கின் ஓரத்தில் விரலை வைத்து அக்காவைக் காட்டினாள். மூக்குத்தி. அம்மா. மீசையை முறுக்குவது போலச் செய்து மச்சானைக் காட்டினாள். அப்பா. எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள், என் தாடையில் இருக்கிற தழும்பின் மேல் ஒரு விரலை இழுப்பது. அன்றைக்கு அவளுக்கு ஏழு வயது. அக்கா அவளை "அம்மா" என்று கூப்பிட வைக்க நாலு வருடமாகப் பாடுபட்டவள், அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் நானும் படித்தேன். இந்திய சைகை மொழிக்கு டெல்லியில் இருக்கிற மத்திய அரசு நிறுவனம் 2018இல் 3,000 சொற்களோடு ஒரு அகராதி கொண்டுவந்தது, 2021இல் அது 10,000 ஆனது, வீடியோவாகவே பார்க்கலாம், காசு கிடையாது. ராத்திரி கடை அடைத்ததும் ஐந்து சொல். ஆனால் உண்மையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான், கொரோனாவில் விடுதியை மூடி வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த மாதங்களில். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பேச ஆள் இல்லாத வீடு, வெளியே போனால் எல்லோர் வாயிலும் மாஸ்க்.

அந்த மாதங்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாரோ எதற்கோ சிரிப்பார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், பிறகு அக்கா கையைத் தொட்டு, என்ன என்று கேட்பாள். அக்கா சாதம் போட்டுக்கொண்டே, "அப்புறம் சொல்றேன்." மச்சானைக் கேட்டால் "ஒண்ணுமில்ல." என்னைக் கேட்டால் நானும் "அப்புறம் சொல்றேன்." ஒரு நாள் விரல் விட்டு எண்ணினேன், ஒரே சாப்பாட்டில் ஒன்பது தடவை. அந்த அப்புறம் வரவே இல்லை. சித்தப்பாவுக்கு ஏன் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்த அத்தை வீட்டில் என்ன சண்டை, காசு இல்லாதபோது பெரியவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், இதெல்லாம் நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, காதில் விழுந்தது. அவளுக்கு எதுவும் தானாக விழாது. யாராவது கொடுத்தால்தான் உண்டு.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம், சாப்பிடும்போது ஒருவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும், முறை வைத்து. அம்மாகூட இப்போது நாற்பது ஐம்பது சைகை போடுவார், பாதி அவரே கண்டுபிடித்தது, பாப்பாவுக்குப் புரிகிறது.

பள்ளி விஷயமும் கொஞ்சம். சாதாரணப் பள்ளியில் படிக்கிற காது கேளாத பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார், தொகுப்பூதியத்தில் ஊர் ஊராக அலைகிறவர்கள் அவர்கள், அவர்களிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தாதீர்கள், பிள்ளை பக்கம் திரும்பிப் பேசுங்கள். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஒரு மொழிப்பாடத்தில் விலக்கும் கிடைக்கும், பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வுக்கு முந்தின வாரம் என் கடைக்கு ஓடிவந்து அழுத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் போனால்தான் கேட்கும் திறன் குறைந்தவர், 70 என்றால் காது கேளாதவர். ஒரு காது மட்டும் போன பிள்ளையும், 50இல் நிற்கிற பிள்ளையும் இதற்குள் வராது, ஆனால் நாற்பது பேர் வகுப்பில் அதுவும் தவிக்கும். முதல் பெஞ்சில் உட்காரவைக்கச் சட்டம் வேண்டியதில்லை.

2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் எங்கள் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினார், ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி. அந்த வருடமே அர்ஜுனா விருதும். நான் பேப்பரைக் கொண்டுவந்து பாப்பாவிடம் காட்டினேன். அந்தப் போட்டிகளில் மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது விதி என்று சொன்னதும் அவள் நம்பவில்லை. எல்லோருமா? எல்லோரும்தான். படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், கரண்ட் போய்விட்டது. நமக்கு இருட்டு என்றால் இருட்டு, அவ்வளவுதான், பேச்சு பாட்டுக்குப் போகும். அவளுக்கு இருட்டில் மொழியே போய்விடும். என் போனில் சார்ஜ் இல்லை, கீழே போய் டார்ச் எடுக்கலாம் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் இரண்டு உள்ளங்கையையும் என் கைகள் மேல் வைத்தாள், மூடினதுபோல, அழுத்தாமல். அம்மா அப்போதுதான் எதையோ சொல்லி முடித்திருந்தார், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்பின் அதிர்வு பாயில் அவளுக்குத் தெரிந்திருக்கும். அம்மாச்சி என்ன சொன்னாங்க என்று என் உள்ளங்கையில் கேட்டாள். கத்தரிக்காய்க்காரன் கிலோ எண்பது சொன்னானாம், அம்மாச்சி அவனிடம் காம்பை மட்டும் எடைபோட்டுக் காசைக் கழிக்கச் சொன்னாராம். மெதுவாக, ஒவ்வொரு சைகையாக, அவள் கைக்குள்ளேயே சொன்னேன்.