இன்னொரு எல்.சி. பாக்கி

மின்வாரியக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. எங்கள் திரையில் சிவப்பு என்றால் பிரேக்கர், அதாவது லைனின் பெரிய சுவிட்ச், போட்டிருக்கிறது, லைனில் கரண்ட் ஓடுகிறது. பச்சை என்றால் ஆஃப். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் எந்த ஃபீடரை, அதாவது பல தெருக்களுக்கு கரண்ட் கொண்டுபோகும் லைனை, பார்த்தாலும் பச்சை. அதில் பல தானாக ட்ரிப் ஆனவை அல்ல. நாங்களே நிறுத்தியவை. தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸில் தண்ணீர் ஏறிவிட்டால், அந்தத் தண்ணீரில் நடந்து வருகிறவர் உயிர் நம் கையில். யோசிக்கவே கூடாது, நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்துவது ஒரு நொடி. திருப்பிக் கொடுப்பதுதான் வேலையே.

ஓயாமல் போன். "எதிர்த் தெருவுல லைட் எரியுது, எங்களுக்கு மட்டும் ஏம்மா?" எதிர்த் தெரு வேறு டிரான்ஸ்பார்மர், சில இடங்களில் வேறு ஃபீடரே. அதைச் சொன்னால் கோபம் கூடும். "உங்க தெரு பெட்டியில இன்னும் தண்ணி நிக்குதுங்கய்யா" என்று சொல்லுவேன். அது புரிந்தது. மடிப்பாக்கத்திலிருந்து என் அம்மாவே கேட்டாள், "நீதானடி அங்க உட்கார்ந்திருக்க?" அவளுக்கும் அதே பதில்தான்.

மூன்றாம் நாள் இரவு நடந்ததைத்தான் எழுத நினைத்தேன்.

ஒரு 11,000 வோல்ட் ஃபீடரில் இரண்டு குழு வேலை செய்துகொண்டிருந்தது. லைனில் கை வைக்கும் ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக லைன் கிளியர், அதாவது லைன் ஆஃப், வேலை செய்யலாம் என்ற அனுமதி, வாங்க வேண்டும். எல்.சி. என்போம். அதற்கு ஒரு நம்பர், வாங்கியவர் பெயர், நேரம். நான் சொல்வதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் சொல்வதை நான். வேலை முடிந்ததும் வாங்கியவரே எல்.சி.யைத் திருப்பித் தர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "முடிஞ்சுதுங்க" என்றால் செல்லாது.

பிரேக்கரை ஆஃப் செய்தது மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. யாரோ வீட்டில், வெளி லைனைத் துண்டித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை மாட்டியிருந்தால், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியே தலைகீழாக ஏறி, மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். செத்த லைன் என்று நம்பித் தொட்டவன் என்ன ஆவான்? அதனால்தான் வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போட, அதாவது லைனைத் தரையோடு இணைக்க, சொல்கிறோம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து மெயினை ஆஃப் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

இரவு பதினொன்றரைக்கு முதல் குழு எல்.சி.யைத் திருப்பியது. "எல்லாரும் இறங்கியாச்சு மேடம், சப்ளை குடுங்க." ரெஜிஸ்டரைப் பார்த்தேன். இன்னொரு எல்.சி. பாக்கி. அதை வாங்கிய லைன்மேனை அழைத்தால் சுவிட்ச்டு ஆஃப். மூன்று நாளாக ஊரிலேயே கரண்ட் இல்லை, அவர் போனுக்கு எங்கே சார்ஜ்? மேலிடத்திலிருந்து ஒரு குரல்: "அவங்க எப்பவோ கிளம்பியிருப்பாங்கம்மா, மூணு நாளா ஜனங்க இருட்டுல இருக்காங்க."

இருட்டில் இருந்தார்கள். மாடியில் தண்ணீர் ஏற்ற வழியில்லாத வயதானவர்கள், கைக்குழந்தைகள். எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் போடவில்லை. "ஆள் அனுப்புங்க சார், அவர் குரல் கேட்காம போட மாட்டேன்."

முழங்கால் தண்ணீரில் ஒருவர் நடந்து போனார். நாற்பது நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் போன் அடித்தது. பன்னிரண்டே காலுக்கு வேறொரு நம்பரிலிருந்து அந்த லைன்மேன் குரல். கம்பத்தில்தான் இருந்திருக்கிறார், கம்பிகளை இணைக்கும் ஜம்பர் கட்டிக்கொண்டு. அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. எழுதும்போதும் நடுங்குகிறது.

மேலும் இருபது நிமிடம் ஆனது. எர்த் எடுத்தாச்சா, ஆள் எத்தனை பேர், எல்லாரும் கீழேயா, ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நம்பரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

பிரேக்கரைப் போட்டேன். சிவப்பு. ரொம்ப நேரம் கரண்ட் இல்லாமல் இருந்துவிட்டு வந்தால் ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் இழுக்கும். அதிலேயே மறுபடி ட்ரிப் ஆவதும் உண்டு. ஆம்பியர் கிடுகிடுவென ஏறியது, கண் எடுக்காமல் பார்த்திருந்தேன். மெல்ல இறங்கியது.

"லோடு நிக்குதா மேடம்?"

"நிக்குதுண்ணா. நீங்க முதல்ல ஏதாவது சாப்பிடுங்க."