ஒரே அறையில் கச்சேரிப் பதிவு: பாதி மிக்ஸிங் ஜமக்காளத்திலேயே முடிந்துவிடும்

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்புரா. இவற்றை ஒரே அறையில், ஹெட்போன் இல்லாமல், ஒரே நேரத்தில் பதிவு செய்தால் எல்லா மைக்கிலும் எல்லாரும் விழுவார்கள். அதைத் தவிர்க்க நினைத்து இடையில் தடுப்பு வைக்காதீர்கள். பாடகர் மூச்செடுப்பதைப் பார்த்து மிருதங்கம் நிற்கும் அந்த ஒரு கணம் போய்விடும். பக்கத்திலிருந்து வந்து விழும் ஒலி நல்ல ஒலியாக விழும்படி ஆட்களை உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

20க்கு 15 அடி அறை போதும். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டர்ர்' என்று அதிர்ந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. ஒரு சுவரில் மட்டும் கனமான ரஜாய் தொங்கவிடுங்கள். நான்கு சுவரையும் மூடுவது பெரும் தவறு. துணி மேல்ஸ்தாயி ஒலியைத்தான் பெரும்பாலும் குடிக்கும், கீழ்ஸ்தாயி ஒலி அப்படியே இருக்கும். குரல் செத்து, மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடது முகம்) மட்டும் அறைக்குள் உருளும்.

மேடையில் எல்லாரும் சபையைப் பார்த்து வரிசையாக உட்காருவார்கள். இங்கே சபை இல்லை. அரைவட்டமாக உட்காரட்டும், பாடகர் நடுவில் சற்று உள்வாங்கி. குரலுக்கு ஃபிகர் எயிட் மைக், வாயிலிருந்து 30 செ.மீ. இந்த மைக்குக்கு முன்னும் பின்னும் கேட்கும், இடம் வலம் இரண்டு பக்கமும் காது கேட்காது. அந்த இரண்டு செவிட்டுப் பக்கங்களின் நேர்கோட்டில் ஒருபுறம் மிருதங்கம், மறுபுறம் வயலின். விலையுயர்ந்த மைக் செய்யாததை இந்த ஓர் ஏற்பாடு செய்யும். மைக்கின் பின்பக்கமும் கேட்கும் என்பதால் அந்த ரஜாய் அங்கே எதிர்ச்சுவரில் இருப்பது நல்லது.

ஒலியின் முதுகெலும்பு முன்னால் வைக்கும் ஜோடி மைக்: இரண்டு கார்டியாய்டு (முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் மைக்), இடையில் 17 செ.மீ., 110 டிகிரி விரிவு, பாடகரிடமிருந்து 1.8 மீட்டர், நாலரை அடி உயரம். முதலில் இந்த ஜோடியை மட்டும் கேளுங்கள். மிருதங்கம் தூக்கலாக இருந்தால் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை) தொடாமல் அவரை ஓரடி பின்னுக்கு நகரச் சொல்லுங்கள். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை ஜோடியை நேராகப் பார்த்தால் அதில் விழும் 'சாபு' என்ற அடி காதைக் கிழிக்கும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் தணியும். கடத்தின் வெட்டு இன்னும் தூரம் பாயும், அதை இரண்டடி தள்ளியே வையுங்கள்.

மிருதங்க மைக்கை ஏற்றினால் அதில் தாமதமாக வந்து விழுந்த பாட்டும் சேர்ந்து ஏறும். குரல் குழாய்க்குள் பாடுவதுபோல ஆகிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வைக்கும் மைக்குகளுக்கிடையே உள்ள தூரம், மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். வயலினுக்கு மேலிருந்து 50 செ.மீ.; அதைவிட நெருங்கினால் வில்லின் உராய்வுதான் கேட்கும். குரல் மைக்குக்கும் ஜோடிக்கும் 1.5 மீட்டர் வித்தியாசம், அதாவது சுமார் 4.3 மில்லிசெகண்ட். பிறகு குரல் தடத்தை அவ்வளவு தள்ளி வைத்து மோனோவில் (இரண்டு தடத்தையும் ஒன்றாக்கி) கேட்டுப் பாருங்கள்.

சுருதிதான் நாள் முழுக்கத் தொல்லை. கடத்தின் சுருதியை அதிகம் மாற்ற முடியாது, ஆகவே பாடகரின் கட்டைக்கு (அவர் பாடும் சுருதிக்கு) பொருந்தும் கடம்தான் வர வேண்டும். சத்தத்துக்காக ஏசியை நிறுத்தியதும் அறை சூடாகி ஈரம் ஏறும், மிருதங்கத் தோல் தளரும். தொப்பியில் ஒட்டிய ரவை காயக் காய அதன் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி மெலியும். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை பதிவுக்கும்) முன், மிருதங்கத்தைக் கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்க்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

பதிவின் ஒலி அளவான லெவலை ஆலாபனையில் பார்த்து ஏமாறாதீர்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிப்புகளான மோரா, கோர்வையை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் இடம் தாராளம்.

இரண்டாவது டேக் பெரும்பாலும் கொஞ்சம் ஓடிவிடும். சரணத்தை மட்டும் திரும்பப் பதிவதென்றால் பல்லவியை இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) பாடிவிட்டு நுழையட்டும், காலப்பிரமாணம், அதாவது வேகம், நிலைபெறும். வெட்டி ஒட்டும் இடம் கோர்வை வந்து விழும் அந்த அடியாக இருக்கட்டும். வேறு எங்கே வெட்டினாலும் தம்புராவின் மீட்டு பாதியில் அறுந்தது தெரிந்துவிடும். எழுந்திருப்பதற்கு முன், யாரும் அசையாமல் தம்புரா மட்டும் ஒலிக்க ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். ஒட்டு தெரியும் இடங்களில் அடியில் விரிக்க அது வேண்டும்.