‘ம்’ கொட்டும் வளைகோடு: ஒரு கதைக்காரனின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 6, திங்கள்

சென்ற மாதம் என் சிறுகதை ஒன்றை நானே வாசித்துப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றியிருந்தேன். கணவனை இழந்த ஒரு தையற்காரப் பெண், அவன் உடுத்திய சட்டையைப் பிரித்து, பள்ளிக்குப் போகும் மகனுக்கு அளவு குறைத்துத் தைத்துக் கொடுப்பதுதான் கதை. கேட்கத் தொடங்கியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் எந்த நொடிவரை இருந்தார்கள் என்று காட்டும் வளைகோட்டை இன்று காலைதான் முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். முதல் அரை நிமிடத்திலேயே கோடு மளமளவென்று சரிந்திருந்தது. அந்த அரை நிமிடம் முழுவதும் நான் வாசித்தது ஊர் வர்ணனை: குளக்கரை, ஆலமரம், அந்திவெயில். அவற்றை எழுதிய அன்று எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது நினைவுக்கு வந்தபோது மனம் கனத்தது.

ஆனால் கதையின் நடுவில் ஓரிடத்தில் கோடு சற்றே மேலெழுந்திருந்தது. கேட்டவர்கள் திரும்பப் போய் அதே இடத்தை இன்னொரு முறை கேட்டால் கோடு அப்படி எழும். அங்கே அவள் பிளேடின் முனையால் தோள்பட்டைத் தையலை ஒவ்வொன்றாக அறுக்கிறாள். நூலை உருவி எடுத்த பிறகும் துணியில் ஊசித்துளைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை அவள் நகத்தால் நீவி மூடப் பார்க்கிறாள். எழுதும்போது இதை நான் பொருட்டாக நினைத்ததே இல்லை. கதையின் உச்சம் என்று நான் நம்பியிருந்தது மகன் அழும் இடத்தை. அங்கே கோட்டில் ஓர் அசைவும் இல்லை.

ஜனவரி 8, புதன்

யூடியூபில் ஏற்றப்பட்ட முதல் காணொளியை இன்று மறுபடியும் பார்த்தேன். அந்தத் தளத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம் 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றியது. அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இவற்றின் துதிக்கை மிக நீளமானது என்கிறார். 19 நொடிகளில் முடிந்துவிடுகிறது. கலை நயம் என்று அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும், கண்முன் இருப்பதைச் சுட்டி ஒருவர் ‘இதோ’ என்றால் நாம் திரும்பிப் பார்த்துவிடுகிறோம். என் கதையின் முதல் பக்கத்தில் அந்த ‘இதோ’ எங்குமே இல்லை.

ஜனவரி 11, சனி

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலின் காணொளிகளை இன்று பிற்பகல் முழுவதும் பார்த்தேன். ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அது, 2021இல் எட்டியது. பெரியதம்பி தாத்தாவும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். இத்தனை பேரை அது ஏன் ஈர்த்தது என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். எழுதுகிறவனாக எனக்குப் பட்டது ஒன்றுதான்: அவர்கள் பொருள்களைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறார்கள். மஞ்சள்தூள், மல்லித்தூள் என்று உரத்த குரலில் பெயர் ஒலிக்கிறது, கை உடனே அந்தப் பொருளை இடுகிறது, சட்டியிலிருந்து ஒரு சத்தம் எழுகிறது. பெயரும் செயலும் ஓசையும் அந்த வரிசையிலேயே வந்துகொண்டிருப்பதால், அடுத்தது என்ன என்று நம் மனம் முந்திக்கொண்டு காத்திருக்கிறது. ‘மணக்க மணக்கச் சமைத்தார்கள்’ என்று நான் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோகும் இடத்தில் அவர்கள் பத்து நிமிடம் தங்குகிறார்கள். நாமும் கூடவே தங்கிவிடுகிறோம்.

இரவில் படுத்த பிறகும் அந்த வளைகோடு நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. சிறுவயதில் எங்கள் ஆச்சி கதை சொல்லும்போது நாங்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ தேய்ந்தால் ஆச்சி குரலைத் தாழ்த்துவாள், இல்லாவிட்டால் கதைக்குள் ஒரு பாம்பைக் கொண்டுவருவாள். ‘ம்’ நின்றுவிட்டால் போர்வையை இழுத்து மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒவ்வொரு அடியாகச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று ஏற்று வாங்குவதும் இதே காரியத்துக்குத்தான். அச்சுக்கு வந்தபோது எழுத்தாளன் பெற்றது அதிகம். இந்த ‘ம்’மை மட்டும் இழந்துவிட்டான் என்று இன்றைக்கு உறுதியாகத் தோன்றுகிறது. நான் பார்த்த வளைகோடு அந்த ‘ம்’மின் படம்தான்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

அத்தை வாசலில் பொங்கலிட்டதைக் கைப்பேசியில் பதிவுசெய்தேன். பால் பொங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. நானும் கையை அசைக்காமல் பானையின் வாயையே பிடித்துக்கொண்டிருந்தேன். “சும்மா கெடக்குற பானைய எதுக்குப்பா இம்புட்டு நேரம் புடிக்கிற?” என்று அத்தை கேட்டாள்.

மாலையில் வெட்டித் தொகுக்க உட்கார்ந்து, அந்தக் காத்திருப்பைப் பத்து நொடிக்குச் சுருக்கினேன். பால் பொங்கியது, எனக்கு எதுவும் நேரவில்லை. பிறகு, விளிம்பைச் சுற்றி நுரை மெல்லக் கூடுவதையும், அத்தை குனிந்து ஒரு சுள்ளியைப் பின்னுக்கு இழுப்பதையும், நுரை தணிந்து மறுபடி ஏறுவதையும் வெட்டாமல் சேர்த்தபோது ஒன்றரை நிமிடம் ஆனது. இப்போது பால் வழிந்த கணத்தில் உடம்பு சிலிர்த்தது. குலவைச் சத்தத்துக்கும் இப்போதுதான் இடம் கிடைத்தது. வேகமாகச் சொன்னால்தான் கேட்பார்கள் என்று கடந்த ஒரு வாரமாக என்னை அரித்துக்கொண்டிருந்த பயம் இதில் பாதி கரைந்தது. அந்த ஒன்றரை நிமிடத்தில் திரையில் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டேதான் இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து வடகோடியில் ஜான் பிளான்ட் என்பவர் 2015 முதல் நடத்திவரும் பிரிமிட்டிவ் டெக்னாலஜி சேனலை இன்று பார்த்தேன். அவர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, பின்னணி இசையும் கிடையாது. மண்ணையும் மரத்தையும் கல்லையும் கொண்டு குடிசை கட்டுகிறார், ஓடு சுடுகிறார், உலை அமைக்கிறார். விளக்கம் வேண்டுவோர் வசன எழுத்துகளை இயக்கிப் படித்துக்கொள்ளலாம். வேண்டாதவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விளக்கத்தை இப்படி ஓரமாக நிறுத்தி வைக்கும் நிதானம் எங்களில் பலருக்கு வரவில்லை. ஒரு பாத்திரம் கதவைச் சாத்தினால், அதை அவள் ஏன் சாத்தினாள் என்பதை அதே வாக்கியத்தில் சொல்லி முடிக்காவிட்டால் எங்களுக்குக் கை ஓடாது.

இருந்தாலும் மூன்று காணொளிகளுக்குப் பிறகு எனக்கு ஓர் ஏக்கம் பிறந்தது. அந்த மனிதர் மண்ணைப் பிசையும்போது யாரை நினைத்துக்கொள்கிறார்? மழை வந்து சுவர் கரைந்தால் அவர் மனம் என்ன ஆகும்? அதை அந்தக் கைகள் சொல்லப்போவதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. ஊசித்துளையை நகத்தால் நீவும் பெண், அந்தத் தையலைத் தான் போட்டது எந்த ஆண்டு தீபாவளிக்கு என்று எண்ணுவதை ஒரே வாக்கியத்தில் உள்ளே நுழைந்து சொல்ல என்னால் முடியும். ஆனால் கையைக் காட்டிய பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு உரிமை வருகிறது. நான் இதுவரை எண்ணத்தை முதலில் வைத்து, கையைப் பின்னால் தள்ளிவந்திருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

கதைப் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்கள் இன்று கொண்டுவந்த தொடக்கங்களில் பெரும்பாலானவை கொலை, தற்கொலை, துரோகம் என்று முதல் வரியிலேயே வெடித்தன. டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கே அறிமுகமானது முதல், விரலால் தள்ளிவிடும் பார்வையாளரை முதல் நொடியிலேயே பிடித்தாக வேண்டும் என்பது இவர்களின் மூச்சோடு கலந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என்றாலும் வளைகோடு சொல்வது எங்கே போனார்கள் என்பதைத்தான். ஏன் போனார்கள் என்பதை அது சொல்வதில்லை. ஆச்சி எங்கள் முகத்தைப் பார்த்தாள், தூக்கமா சலிப்பா என்று அவளுக்குத் தெரிந்தது. மாணவர்களிடம் கொலையைத் தள்ளி வைத்துவிட்டு, கொலைக்கு முந்திய இரவில் அந்த வீட்டில் யார் பாத்திரம் துலக்கினார் என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 30, வியாழன்

கதையைத் திருத்தி எழுதி முடித்தேன். இப்போது அது பிளேடில் தொடங்குகிறது. குளமும் ஆலமரமும் போயின. நூல் கண்ணுக்குத் தெரியாமல் அவள் சட்டையை வெளிச்சத்துக்குப் பிடிக்கும்போது சன்னலில் தெரியும் அந்திவெயிலை மட்டும் ஒரே வாக்கியமாக விட்டுவைத்தேன். மகன் அழுவதில்லை, நீளம் குறைத்த கையை மணிக்கட்டு வரை இழுத்து இழுத்துப் பார்க்கிறான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கொட்டைப்பாக்கை வெட்டிக்கொண்டே ‘ம்’, ‘ம்’ என்று கேட்டுக்கொண்டு வந்தாள். துளைகளை நீவும் இடம் வந்ததும் பாக்குவெட்டி நின்றது, ‘ம்’மும் நின்றது. தவறிவிட்டேனோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

“அந்தச் சட்ட என்ன நெறம்ப்பா?” என்று கேட்டாள்.

நான் எங்குமே எழுதியிருக்கவில்லை. அவள் உறங்கப் போன பிறகு, தாளை எடுத்து அந்தச் சட்டையை முதன்முறையாகப் பார்க்க உட்கார்ந்தேன். வெளுத்த ஊதா நிறம், காலரின் உள்மடிப்பில் மட்டும் பழைய ஊதா அப்படியே இருக்கிறது.