வளவில் வளர்ந்த எட்டுக் குட்டிகள்

எங்கள் லேப்ரடார் நாய் மல்லியின் தலையீற்றில் நான் கொடுத்த ஆண்குட்டி ஒன்று நான்காவது மாதத்தில் திரும்பி வந்தது. மடியில் வைத்துக் காரில் கொண்டுபோனவர், சங்கிலியில் இழுத்துக்கொண்டு வந்து திண்ணையில் நின்றார். "மிக்சி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. ஆண்கள் யார் வந்தாலும் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது. நேற்று என் தம்பியைக் கடிக்கப் போய்விட்டது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சங்கிலியை வாங்கிக்கொண்டேன். கருப்பன் இன்றும் எங்களோடுதான் இருக்கிறான். தலைக்கவசம் அணிந்த யாரைப் பார்த்தாலும் இப்போதும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு குரைப்பான்.

அது அவன் குற்றமில்லை. கோட்டையூரில் எங்கள் வீடு ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பங்குள்ள பழைய வீடு. முன்னோர் படைப்பு, திருமணம் என்றால் பங்காளிகள் வந்து அவரவர் அறையைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் பூட்டுகள்தான் தொங்கும். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் மாமியார், நான், கல்லூரிக்குப் போகும் மகள். முதல் ஈற்றுக் குட்டிகளுக்குப் பின்கட்டில் விறகு அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கதவையும் சாத்தி வைத்திருந்தேன். சுத்தம், அமைதி, வேளைக்கு உணவு, நாள் தவறாத பூச்சி மருந்து. கொண்டுபோனவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருப்பதாக மெச்சினார்கள். எட்டு வாரத்தில் அந்தக் குட்டிகள் பார்த்த மனிதர்கள் மூன்று பேர், மூவரும் பெண்கள். ஆண்குரல் என்று அவை கேட்டது, இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் என் கணவர் "சாப்பிட்டாயா" என்று கேட்டதை மட்டும்தான்.

கருப்பனைக் காட்டியபோது கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "இவன் மூன்றாவது வாரத்திலிருந்து எங்கே இருந்தான்?" என்பதுதான். நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றார். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965இல் விரிவாக எழுதிவைத்த விஷயம் இது. பதினான்கு வாரம்வரை மனிதர் கைபடாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரை அண்டவே இல்லையாம். அந்தக் காலத்தில் ஏறத்தாழப் பாதியைக் குட்டி நம் வீட்டில்தான் கழிக்கிறது. வாங்கிக்கொண்டு போகிறவருக்குக் கிடைப்பது மிச்சம்தான். இது தெரியாமல் நான் விறகு அறைக் கதவைச் சாத்தியிருந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டு மல்லியை மறுபடி இணை சேர்த்தோம். மல்லி மஞ்சள் நிறம், மதுரையிலிருந்து வந்த ஆண்நாய் கறுப்பு. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும் என்பதால் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே சம்மதித்தேன். பிறந்தவை எட்டு: ஐந்து கறுப்பு, மூன்று மஞ்சள். மஞ்சள் வந்ததிலிருந்தே தகப்பனும் அந்த மரபணுவை உள்ளே மறைத்து வைத்திருந்தது தெரிந்தது. இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் அந்த நிறம் வெளியே தெரியும்.

பிறந்தது மார்கழிக்கு இரண்டு நாள் முன்னால், இணை சேர்ந்த அறுபத்து மூன்றாம் நாள் விடியற்காலையில். முந்தைய நாள் மாலை மல்லியின் உடல் வெப்பம் 101லிருந்து 98.6 பாரன்ஹீட்டுக்கு இறங்கியதுமே இன்னும் ஒரு நாள்தான் என்று தெரிந்துவிட்டது. ஆசாரி செய்து கொடுத்த நான்கடிச் சதுரப் பெட்டியில் மாமியாரின் பழைய கண்டாங்கிச் சேலைகளை விரித்தோம். பெட்டியின் உள்பக்கம் நான்கு விரற்கடை உயரத்தில் சுற்றிலும் ஒரு சட்டம் இருக்கும். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்கிக்கொள்ள அந்த இடம். மற்றதையெல்லாம் மல்லியே பார்த்துக்கொண்டாள்.

முதல் இரண்டு வாரம் குட்டிக்குக் கண் இல்லை, காது இல்லை, தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளவும் தெரியாது. எங்கள் வீட்டுச் சுவர் சித்திரை வெயிலிலேயே உள்ளே குளிர்ச்சி தரும், மார்கழியில் சொல்லவே வேண்டாம். பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் வெப்ப விளக்குத் தொங்கவிட்டு, வேண்டாத குட்டி நகர்ந்துகொள்ள மறு மூலையை விட்டுவைத்தேன். கழுத்தில் ஆளுக்கொரு நிற நூல். காலையும் மாலையும் ஓலைக் கொட்டானில் உட்காரவைத்துச் சமையலறைத் தராசில் எடை. பெரியது 460 கிராம், நீல நூல் கட்டியது 290. பத்து நாளுக்குள் எடை இரட்டிக்க வேண்டும். நீலம் இரண்டாம் நாள் பத்து கிராம் குறைந்ததும், மல்லியின் பின்பக்கத்துக் காம்பில், பால் அதிகமுள்ள இடத்தில், மற்றவற்றை விலக்கிவிட்டு அதை மட்டும் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நாள் அப்படியே. குட்டிக்கு என்ன ஆனதோ, என் இடுப்பு போய்விட்டது.

மூன்றாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. விரல்களுக்கிடையே பஞ்சுக் குச்சியால் வருடுவது, தலை மேலாகவும் கீழாகவும் பிடிப்பது, மல்லாத்தி வைப்பது, ஈரத்துணிமேல் விடுவது. ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து விநாடி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை. அமெரிக்க ராணுவ நாய்களுக்காக வந்த முறை என்பார்கள். பலன் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் செய்தேன். அதனால் குட்டிகள் வீரர்களாகிவிட்டன என்று சொல்லமாட்டேன். தினமும் எட்டையும் தனித்தனியாகக் கையில் எடுத்ததில் எது முனகும், எது உதைக்கும், எது உள்ளங்கையிலேயே தூங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்துபோனது. பிறகு வீடு பார்த்துக் கொடுக்கும்போது அது உதவியது.

மூன்றாவது வாரம் கண்ணும் காதும் திறந்தபின் பெட்டியை நடு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்குக் கொண்டுவந்தேன். பர்மாத் தேக்குத் தூண், முற்றத்து வெளிச்சம், சமையல்கட்டுக்குப் போகும் வழி எல்லாம் அங்கிருந்து தெரியும். வந்த அன்றே ஒரு சிக்கல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, நூறு வருடமாகத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல் இருக்கும். குட்டிகளின் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து வழுக்கின. இடுப்பு வலுப்பெறும் வயதில் அது கூடாது. கயிற்று மிதியடிகளும் சணல் சாக்குகளும் வாங்கித் தரை முழுக்கப் பரப்பினேன். விளிம்பில் மட்டும் இரண்டடி கல்லை வெறுமையாக விட்டேன், வழுக்கும் தரையில் நிதானமாகக் கால்வைக்கவும் கற்றுக்கொள்ளட்டும் என்று. வளவின் எதிர்ப்பக்கத்துப் புள்ளியைச் சேர்ந்த பெரிய ஆச்சி அப்போது வந்து தங்கியிருந்தார். "பூக்கல்லைச் சாக்குப் போட்டு மூடிவிட்டாயே ஆத்தா" என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூலையில் ஒரு தட்டு நிறையத் தென்னைநார்த் தூள் வைத்தேன். மூன்று வாரம் தாண்டிய குட்டி தூங்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாமல் தானே விலகிப் போகப் பார்க்கும். அந்த நேரத்தில் தட்டு கண்ணில் பட்டால் போதும். ஆறாவது வாரத்தில் எட்டில் ஆறு தவறாமல் அங்கேதான் போயின.

கருப்பனுக்குக் கிடைக்காதது மனிதர்கள். அதனால் வருகிறவர்களை எல்லாம் பிடித்து உட்காரவைத்தேன். பால்காரர், தபால்காரர், மின்கட்டணக் கணக்கெடுப்பவர். எரிவாயு உருளை கொண்டுவருபவரிடம், உருளையைத் தூக்காமல் முற்றத்து ஓரமாக உருட்டிக்கொண்டு வரச் சொன்னேன். என்னை ஒருமாதிரி பார்த்தார். அடுத்தமுறை தானே தலைக்கவசத்தோடு வந்து குந்தி உட்கார்ந்து, கழற்றி, மறுபடி மாட்டிக் காட்டினார். எதிர்வீட்டுப் பையன்களுக்கு ஒரே விதி: தரையில் உட்கார்ந்துதான் தொட வேண்டும், குட்டியாக வந்தால்தான் தொட வேண்டும்.

நான் கணக்குப் பார்த்தது எது பயப்படுகிறது என்பதை அல்ல. பயந்தது எத்தனை எண்ணுவதற்குள் திரும்பி வருகிறது என்பதைத்தான். பித்தளைத் தாம்பாளம் கீழே விழுந்தால் எட்டுமே பாயும். ஏழு, ஐந்து எண்ணுவதற்குள் வந்து தாம்பாளத்தை முகரும். நீலம் நாற்பது எண்ணினாலும் வராது. அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தாம்பாளத்தின்மேல் வைக்கக் கூடாது. தூரத்தில் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நான் வேறு வேலை பார்ப்பதுபோல் இருப்பேன்.

தை மாதம் பங்காளி வீட்டுத் திருமணம் அதே வளவில். குட்டிகளுக்கு ஆறு வாரம் நிறைய இரண்டு நாள் இருந்தது, முதல் தடுப்பூசி போடவில்லை. குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. அடைத்து வைத்தால் இன்னொரு கருப்பன், வெளியே விட்டால் பார்வோ. மருத்துவரிடம் கேட்டேன். பட்டாலை என்னும் கூடத்தில் மூங்கில் தட்டி கட்டி உள்ளே வைக்கச் சொன்னார். பார்க்கலாம், கேட்கலாம், யார் காலும் உள்ளே படக்கூடாது. வீட்டில் நாய் வைத்திருப்பவர்கள் தொடவே கூடாது, மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடலாம். நம் ஊரில் முகப்பிலேயே செருப்பைக் கழற்றிவிடுவதால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு என் மகள் வாளியும் செம்புமாக வாசலில் நின்றாள். பெண்ணுக்கு வைத்த சாமான்களைப் பரப்பும்போது எழுந்த பித்தளை, எவர்சில்வர் சத்தத்தை எந்தப் பயிற்சியிலும் நான் உண்டாக்கியிருக்க முடியாது. தவில் முதல் அடி விழுந்ததும் எட்டும் வயிற்றைத் தரையோடு ஒட்டின. நான் எண்ணினேன். நீலம் ஐம்பதுக்குத் தலை தூக்கியது. கெட்டிமேளத்தின்போது பன்னிரண்டு. பந்தி நேரத்தில், இலை எடுக்கும் இரைச்சலில், மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தடியில் மல்லி சமையல்கட்டுக்குள் நுழைந்து ஒரு தட்டுக் கந்தரப்பத்தை முடித்துவிட்டாள். லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கியதை உணர்த்தும் மரபணுவில் குறை இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். மல்லிக்குச் சோதனையே தேவையில்லை. கந்தரப்பமானதால் பிழைத்தோம். அருகில் உரித்து வைத்திருந்த சின்ன வெங்காயத்தைத் தின்றிருந்தால் விபரீதம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

கேட்டு வந்தவர்களோடுதான் அதிகம் சண்டை. "நாற்பத்தைந்து நாளில் எல்லோரும் தருகிறார்களே" என்றார் ஒருவர். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. விதி இல்லாவிட்டாலும் தரமாட்டேன். பல் முளைத்த குட்டி எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவை கத்திக் கத்தித்தான் கற்றுக்கொடுக்கின்றன. இன்னொருவர் நிறத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கறுப்பு ராசியில்லை என்றார். அவரை அனுப்பிவைத்தது நான் இல்லை, பெரிய ஆச்சிதான். "வைரவன்பட்டிக்குப் போய் வைரவர் பக்கத்தில் நிற்பது என்னவென்று பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். சாக்கு விஷயத்தை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

யாருக்கு எது என்பதை நான்தான் முடிவு செய்தேன். எதற்கும் முதலில் ஓடும் சிவப்பு நூல், மூன்று பையன்கள் உள்ள மதுரை வீட்டுக்கு. நீலத்தைத் தேவகோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதிக்குக் கொடுத்தேன், அமைதியான வீடு. ஒவ்வொருவரிடமும் மல்லியின் வாசனை உள்ள கண்டாங்கித் துண்டு ஒன்றும், அடுத்த தடுப்பூசித் தேதி எழுதிய தாளும்.

ஆவணியில் தேவகோட்டையிலிருந்து தொலைபேசி. தீனி, நடை, விருந்தாளி, பக்கத்துக் கோயில் வேட்டு எதிலும் குறையில்லையாம். "ஆனால் மழை வந்து குடையை விரித்தால் மட்டும் வீட்டுக்குள் ஓடிவிடுகிறது, என்ன காரணம்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தை முழுக்க ஒரு தூறல்கூட இல்லை. எட்டு வாரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் குடையை எடுக்கவே இல்லை.

அலமாரிக் கதவின் உள்பக்கம் அடுத்த ஈற்றுக்கான குறிப்புகள் ஒட்டியிருக்கின்றன. அதில் கடைசியாகக் 'குடை' என்று எழுதி வைத்தேன்.