ஒரு கண்ணுக்கு நாலு, ஒரு கண்ணுக்கு ஏழரை

என் வலக்கண்ணுக்கு மைனஸ் 4. இடக்கண்ணுக்கு மைனஸ் 7.50, அதோடு 1.25 சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் தேவைப்படுகிற கூடுதல் பவர். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் இரண்டு கண்ணுக்கும் முழுப் பவரில் கண்ணாடி போடுவது பலருக்கும் கஷ்டம். மைனஸ் கண்ணாடி எதையும் சிறிதாக்கித்தான் காட்டும், பவர் ஏற ஏற இன்னும் சிறிதாக்கும். வலக்கண்ணுக்கு ஒரு அளவில் கரும்பலகை, இடக்கண்ணுக்கு வேறு அளவில் கரும்பலகை என்றால் இரண்டையும் ஒன்றாக்க மூளை படாத பாடு படும். எனக்குத் தலை சுற்றியது, வாந்தி வருவது போல இருந்தது. அதனால் இடக்கண்ணுக்கு 5.50 மட்டும் வைத்து ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு பதினோரு வருஷம் ஓட்டினேன்.

நான் திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வீடு ஸ்ரீரங்கம். பகலெல்லாம் கடைசி பெஞ்ச்வரை பார்க்க வேண்டும், மாலையில் நோட்டுத் திருத்த வேண்டும், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டி ஓட்ட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் தேட ஆரம்பித்தபோது வயது 43. இந்த மூன்று வேலைக்கும் மூன்று விதமான பார்வை தேவை என்பதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

முதலில் போன கண்ணாடிக் கடையில் என் சீட்டைப் பார்த்து, அதிலிருந்த எண்ணையே அப்படியே எழுதி இரண்டு பெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கண்ணை அளக்கவும் இல்லை, போட்டுப் பார்க்கச் சொல்லவும் இல்லை. வலது ஓரளவு சரியாக இருந்தது. இடக்கண்ணில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல். மூன்று நாளில் தலைவலி. லென்ஸே நமக்கு ஆகாது என்று பெட்டிகளை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அங்கே செய்த தப்பு என்ன என்று ஒரு கண் மருத்துவமனையின் லென்ஸ் பிரிவுக்குப் போன பிறகுதான் விளங்கியது.

அங்கிருந்த ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பவர் பார்த்து லென்ஸ் பொருத்துகிறவர், சின்னப் பெண். உட்கார்ந்ததும் பவரைப் பற்றிப் பேசவில்லை. "டீச்சர், காலையில எழுந்ததிலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எதை எதைப் பார்ப்பீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு கருவிழியின் வளைவை அளந்தார். மஞ்சள் சாயம் தொட்ட தாளைக் கண்ணில் ஒற்றி, நீல வெளிச்சத்தில் கண்ணீர் எத்தனை நொடி நிற்கிறது என்று பார்த்தார்.

கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணோடு ஒட்டியே இருக்கிறது. அதனால் உருவம் சிறிதாவதும் குறையும், தேவைப்படும் மைனஸ் பவரும் குறையும். கண்ணாடியில் 4 என்றால் லென்ஸில் 3.75 போதும், 7.50 என்றால் 7. கடைக்காரர் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. சிலிண்டரையும் விட்டுவிட்டார். அந்த நிழல் அதனால் வந்ததுதான்.

சிலிண்டர் உள்ள கண்ணுக்கு டோரிக் லென்ஸ். சாதாரண லென்ஸ் கண்ணுக்குள் எப்படிச் சுற்றினாலும் பரவாயில்லை, டோரிக் சுற்றக் கூடாது. அது சரியாக நிற்கிறதா என்று தெரிய அடியில் மெல்லிய கோடு போட்டிருப்பார்கள். கடிகாரத்தில் ஆறு மணி இடத்தில் அந்தக் கோடு நிற்க வேண்டும். இருபது நிமிஷம் உட்காரவைத்துப் பார்த்தபோது எனக்கு அது, எதிரே இருந்து பார்க்கிற ஆப்டோமெட்ரிஸ்டின் இடப்பக்கமாகப் பத்து டிகிரி ஒதுங்கி நின்றது. இமை தள்ளும் விதம் ஒவ்வொருவருக்கும் வேறாம். ஆக்சிஸை, அதாவது சிலிண்டர் நிற்கிற கோணத்தை, 180 என்பதற்குப் பதில் 10 என்று மாற்றி எழுதி வரவழைத்தார் (இந்தக் கணக்கில் 180-உம் 0-உம் ஒன்றுதான்). ஒரு வாரம் காத்திருந்தேன்.

அந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடக்கண்ணால் மட்டும் மேலே இருக்கிற கலசங்களை எண்ணினேன். பதிமூன்றும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அன்றைக்கு வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியும் எவ்வளவு ஆழம் என்று கால் வைப்பதற்கு முன்பே தெரிந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும் போல.

மறுநாள் நோட்டுக் கட்டைப் பிரித்தால் எழுத்தெல்லாம் மங்கல். கையை நீட்டிப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. லென்ஸ் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று பயந்துபோய் ஓடினேன். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். என் பழைய கண்ணாடியில் இடக்கண்ணுக்கு 2 பவர் குறைவு. இரண்டு டயாப்டர் குறைவு என்றால் அந்தக் கண்ணுக்கு அரை மீட்டரில் இருப்பது தானாகவே தெளிவாகத் தெரியும். நோட்டை நான் பிடிக்கிற தூரமும் ஏறக்குறைய அதுதான். ஆக, பதினோரு வருஷமாக வலக்கண் தூரத்தைப் பார்த்திருக்கிறது, இடக்கண் நோட்டைப் படித்திருக்கிறது. எனக்கு வெள்ளெழுத்து எப்போதோ வந்துவிட்டது, அந்தக் கண்ணாடி அதை மறைத்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னார். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியிலிருந்து லென்ஸுக்கு மாறினால், பக்கத்தில் படிக்கக் கண் கொஞ்சம் கூடுதலாகவே உழைக்க வேண்டுமாம். நாற்பது தாண்டி லென்ஸுக்கு மாறுகிற எல்லோருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் என்னைப் போலப் பயந்து போவார்கள்.

பிறகு மல்டிஃபோகல் லென்ஸ் போட்டுப் பார்த்தோம். ஒரே லென்ஸில் வளையம் வளையமாகத் தூரத்துக்கும் பக்கத்துக்கும் பவர் இருக்கும். இரண்டு காட்சியும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் போகும், வேண்டியதை மூளை எடுத்துக்கொள்ளும். அவர்களிடம் இருந்ததில் சிலிண்டர் கிடையாது. பகலில் சமாளித்தேன். ராத்திரி பாலத்தில் எதிரே வருகிற ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு ஒளிவட்டம். ஐந்தாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற என் அண்ணிக்கு அதே வகை லென்ஸ் நன்றாக ஒத்துப்போகிறது. அவர் ராத்திரியில் வண்டி ஓட்டுவதில்லை.

அடுத்தது மோனோவிஷன், ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் பக்கத்துக்கும் வைப்பது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் தெரிகிறதோ அதுதான் ஆளுகிற கண். எனக்கு வலது. அதைத் தூரத்துக்கு வைத்துக்கொண்டு, இடக்கண்ணுக்கு 7-க்குப் பதில் 5.50 டோரிக் போட்டார். நோட்டு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் படியின் ஆழம் மறுபடியும் போய்விட்டது. கலசம் எண்ணிய அந்தக் கண்ணை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் பள்ளி நாட்களில் இரண்டு கண்ணுக்கும் முழுத் தூரப் பவர், இடதுக்கு டோரிக். நோட்டுத் திருத்தும்போது மட்டும் லென்ஸுக்கு மேலே பிளஸ் 1.25 படிப்புக் கண்ணாடி. விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கிற நாட்களில் மட்டும் அந்த 5.50 டோரிக், அந்த நாட்களில் ஸ்கூட்டி எடுப்பதில்லை, பஸ்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடி.

போடப் பழகுவதற்கு இரண்டு வாரம் ஆனது. முதல் நாள் நாற்பது நிமிஷம். எப்போதும் வலதுதான் முதலில், இல்லையென்றால் 3.75-உம் 7-உம் இடம் மாறிவிடும். விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் லென்ஸ் கிண்ணம் போல இருக்க வேண்டும், விளிம்பு தட்டு மாதிரி விரிந்திருந்தால் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது. பச்சை மிளகாய் நறுக்குவதற்கு முன்பே கழற்றிவிடுகிறேன், சோப்புப் போட்டுக் கழுவினாலும் காரம் விரலை விட்டுப் போகாது. சாக்பீஸ் தூள்தான் என் வேலையில் பெரிய தொல்லை. பலகையை ஈரத்துணியால் துடைக்கப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டேன். தண்ணீர் மட்டும் லென்ஸில் படவே கூடாது, குழாய்த் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ. அதில் இருக்கிற அகாந்தமீபா என்கிற ஒற்றைச் செல் உயிரி கருவிழியில் பற்றிக்கொண்டால் பார்வையே போகலாம். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறைக்குக் கண்ணாடியோடுதான் போனேன். கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அடுத்தது ஜூனில். இந்த முறை படிப்புக் கண்ணாடியின் பவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும், நோட்டு மறுபடியும் கொஞ்சம் தள்ளிப் போக ஆரம்பித்திருக்கிறது.