காங்கோ பதக்கம்

இன்று காலை செல்லூரில், எங்கள் தெருப் பெரியவர் மஞ்சள் பையிலிருந்து ஓர் ஐ.நா. பதக்கத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

விளிம்பு தேய்ந்து, நாடா நிறம் வெளுத்திருந்தது.

"காங்கோவுக்குப் போனதுக்குக் கொடுத்தது, தம்பி."

1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்ற பதினோராம் நாளே செம்பு வளம் மிக்க கட்டாங்கா மாகாணம் தனி நாடாகப் பிரிந்தது. பெல்ஜியச் சுரங்க நிறுவனம் பணம் தந்து தாங்கிய அந்த ஆட்சிக்காகப் பெல்ஜியம், பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளின் கூலிப்படையினர் போரிட்டனர்.

காங்கோ அரசுக்கு உதவ அங்கே சென்ற ஐ.நா. படையில் பணியாற்றிய இந்திய ராணுவ கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, 1961 டிசம்பர் 5 அன்று கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் 26 வயதில் உயிர்நீத்தார். போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் உயரிய விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர்.

அந்நியக் கொடி இறங்கிய பின்னும் சுரங்கத்தை விட மனமில்லாதவர்கள் துப்பாக்கியை விலைக்கு வாங்கினார்கள் என்பதே என்னை வாட்டுகிறது.

பெரியவர் பதக்கத்தைத் துண்டால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.