பாகுவில் கேட்ட பியானோ: வாகிஃப் முஸ்தஃபாசாதேயைத் தேடிப் போன கதை

அசர்பைஜான் போய்வந்ததும் விசா, டிக்கெட், தங்கும் இடம், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த வரிசை இன்றைக்கு நடக்காது. ஊர் திரும்பியதிலிருந்து காதில் ஒரே ஒரு பியானோதான் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வாசித்தவர் பெயர் வாகிஃப் முஸ்தஃபாசாதே. 1940இல் அசர்பைஜானின் தலைநகர் பாகுவில் பிறந்து, 1979இல் 39 வயதில் மறைந்தவர். அசர்பைஜானின் செவ்வியல் இசையான முஃகாமையும் ஜாஸையும் ஒரே பியானோவில் சேர்த்து வைத்த இசையமைப்பாளர். இவ்வளவு பெரிய கலைஞரைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசுவதே இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அவசியமான தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு இணையத்திலேயே விசா கிடைக்கிறது. அந்த ஊர்ப் பணமான மனாத் ஒன்று ஏறக்குறைய 50 ரூபாய். இந்த ஐம்பதாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், எந்த விலைப்பட்டியலைத் திறந்தாலும் தேவைப்படும். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரச் சில்லறைக் காசுக்குப் பஸ் ஓடுகிறது. வாசலில் பெட்டியைப் பிடித்து இழுக்கும் டாக்சிக்காரர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

தேநீர் விஷயத்தை இங்கேயே எழுதாவிட்டால் என் ஆத்திரம் அடங்காது. நீரூற்றுச் சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் நடந்து களைத்து, ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் மட்டும் கேட்டேன். கேட்காமலேயே ஒரு தட்டு வந்தது. செர்ரிப் பழ ஜாம், பச்சை வாதுமைக்காய் ஜாம், உலர் பழங்கள், பருப்பு வகைகள். ஜாமை வாயில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சுவது அங்கே வழக்கம், அருமையான வழக்கமும்கூட. உபசாரம் என்றுதான் தோன்றும். பில் வந்தபோது 34 மனாத்! ஆயிரத்து எழுநூறு ரூபாய். விலை எழுதிய அட்டை எங்கே என்று கேட்டேன். சுவரைக் காட்டினார்கள், சுவரில் விலை எதுவும் இல்லை. வாக்குவாதம் செய்து சில மனாத் குறைத்தேன் என்றாலும் அன்றைய சாப்பாட்டுப் பணம் போயேவிட்டது. பாகுவில் தேநீர்க் கடையில் உட்காருவதற்கு முன்பே “எவ்வளவு?” என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

அன்று மதியம் மலிவான சாப்பாடு தேடி இச்செரி ஷெஹர் என்னும் பழைய நகரத்துச் சந்துகளில் அலைந்ததும் அந்தப் பில்லின் புண்ணியம்தான். கோட்டை மதிலுக்குள் மணல் நிறக் கல்வீடுகள். மதிலுக்கு வெளியே வடக்கிலிருந்து ஹஸ்ரி என்ற குளிர்காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது, உள்ளே வந்ததும் அது பாதியாகக் குறைந்தது. கன்னிக் கோபுரத்துக்கு வெளிநாட்டவரிடம் கேட்கும் கட்டணத்தை ஐம்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்தே ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அதற்கு மேல் ஒரு வளைவில் மூன்றே மேசை போட்ட சிறிய கடை. ஓர் அம்மா மாவைக் காகிதம் போல் மெல்லிசாகத் தேய்த்து, நறுக்கிய கீரையும் கொத்தமல்லியும் வெங்காயத்தாளும் பரப்பி, அரைவட்டமாக மடித்துச் சூடான இரும்புத் தகட்டில் போட்டுக்கொண்டிருந்தார். குதாப் என்கிறார்கள். சுட்டதும் வெண்ணெய் தடவி, சுமாக் என்ற புளிப்புப் பொடியைத் தூவி, தயிரோடு தருகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் அசர்பைஜானில் பட்டினி கிடப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீரைக் குதாப் இருக்கிறது, பூசணிக் குதாப் இருக்கிறது. நான் இரண்டையும் சாப்பிட்டேன், பிறகு கீரையை மறுபடி கேட்டு வாங்கினேன். தேநீருக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை.

அந்தக் கடையில்தான் அந்தப் பியானோவைக் கேட்டேன். மாவு டப்பா மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியிலிருந்து வந்தது. முதலில் ஆலாபனை போல் இருந்தது. தாளம் இல்லாமல் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அதைத் தொட்டு விலகி, மறுபடி தொட்டு. பியானோவில் யார் இப்படி ராகம் பாடுகிறார் என்று வாயில் வைத்த குதாப்பை மறந்து கேட்டேன். ஒரு நிமிடம் கழித்து அடியில் பேஸ் கிடார் நுழைந்தது, டிரம்ஸ் வந்தது, அதே சுரங்கள் துள்ளி ஓட ஆரம்பித்தன. சந்தேகமில்லாமல் ஜாஸ். ஆனால் ராகம் எங்கும் கலையவில்லை. யார் வாசிக்கிறார்கள் என்று சைகையில் கேட்டேன். அந்த அம்மா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, பில் எழுதும் காகிதத்தில் பெயரை எழுதிக் கொடுத்தார். பிறகு வாசலுக்கே வந்து, மேட்டுப் பக்கமாகக் கையை நீட்டி, “வாகிஃப்! எவ், எவ்!” என்றார். வீடு. அவருடைய வீடு அங்கேதான், அந்த மதிலுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது அது நினைவு இல்லம், அது இருக்கும் சந்துக்கும் அவர் பெயர்தான்.

வீடு சின்னது. நுழைவுக் கட்டணமும் சின்னது. புகைப்படங்கள், இசைத்தட்டுகள், கச்சேரிச் சுவரொட்டிகள், அவர் வாசித்த பியானோ. உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லாததால் கவனித்துக்கொள்ளும் பெண்மணி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிறுத்தி, பாதி ஆங்கிலத்திலும் பாதி ரஷ்ய மொழியிலும் விளக்கினார். வாகிஃபின் தாய் ஸிவர் பியானோ ஆசிரியை. பையன் வீட்டில் ஷோபான், பாஹ் என்ற ஐரோப்பிய மேதைகளின் இசையைப் பழகியது அவரால்தான். வெளியே தெருவில், கல்யாணங்களில், வானொலியில் முஃகாம். ஜாஸோ சோவியத் ஆட்சியில், ஸ்டாலின் காலத்தில், முதலாளித்துவ நாட்டு இசை என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. வெளிநாட்டு வானொலியைத் திருட்டுத்தனமாகக் கேட்டு, கேட்டதை உடனே பியானோவில் வாசித்துப் பார்த்துத்தான் அந்தத் தலைமுறை ஜாஸ் கற்றது. வாகிஃப் அப்படிக் கற்றவர். பிறகு ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் ஒரு குழுவை நடத்தினார். அங்கிருந்து பாகு திரும்பி ‘செவில்’ என்ற பெண்கள் குரலிசைக் குழுவையும், பிற்பாடு ‘முஃகாம்’ என்ற பெயரிலேயே ஒரு குழுவையும் அமைத்தார்.

ஓர் அறையில் அவருடைய ஒலிப்பதிவைப் போட்டார் அந்தப் பெண்மணி. 1978இல் மொனாக்கோவில் நடந்த ஜாஸ் இசையமைப்பாளர் போட்டியில் முதல் பரிசு வாங்கிய இசை, ‘அசீசாவுக்காகக் காத்திருக்கையில்’. அசீசா அவர் மகள். அடுத்த வருடம் டிசம்பர் 16ஆம் தேதி, தாஷ்கந்துக்குக் கச்சேரி செய்யப் போன இடத்தில் வாகிஃப் மாரடைப்பில் இறந்துபோனார். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு மூன்றே நாள் இருந்தது. அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு அந்த இசையைக் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அசீசா முஸ்தஃபாசாதே இன்று அப்பாவின் வழியிலேயே பியானோ வாசித்துக்கொண்டு பாடவும் செய்கிறார், முஃகாமோடும் ஜாஸோடும் ஐரோப்பியச் செவ்வியல் இசையையும் சேர்த்துக்கொள்கிறார். ஜெர்மனியில் குடியேறியவர். அம்மா எலிசா ஜார்ஜியாவைச் சேர்ந்த பாடகி.

மறுநாளுக்கு ஒரு சுற்றுலாப் பஸ்ஸில் சேற்று எரிமலை பார்க்கப் போவதாகத் திட்டம். அதை விட்டுவிட்டேன். அந்தப் பணத்தில் கடலோரப் பூங்காவில் இருக்கும் முஃகாம் மையத்துக்கு டிக்கெட் வாங்கினேன். 2008இல் திறந்த கட்டிடம், தார் என்ற தந்தி வாத்தியத்தின் வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். முஃகாமை முதலில் முஃகாமாகவே கேட்காமல் வாகிஃபைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பயணத்தில் செலவழித்த பணத்தில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

மேடையில் மூன்றே பேர். பாடகர் கையில் கவால் என்ற கஞ்சிரா போன்ற பறை, ஒருவரிடம் தார், ஒருவரிடம் வில்லால் வாசிக்கும் கமான்சா. பாடகர் கவாலைக் கன்னத்தோரம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாடுகிறார், குரல் அதில் பட்டுத் திரும்புகிறது. ராகம் போலவே முஃகாமுக்கும் வெறும் சுர வரிசை போதாது. எந்தச் சுரத்தில் நிற்கலாம், எதைத் தொட்டுவிட்டு நகர வேண்டும், எந்தக் கட்டத்தில் மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டும் என்பதற்கெல்லாம் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்குக்குள் பாடகர் அந்தக் கணத்தில் கற்பனை செய்கிறார். பகுதி பகுதியாக உயர்ந்து உச்சியில் குரல் உடைந்து நடுங்குகிறது, பிறகு ஆதார சுரத்துக்கு இறங்கி வருகிறது. ரஸ்த், ஷூர், செகாஹ், சஹார்காஹ் என்று முதன்மையானவை ஏழு. சஹார்காஹ் ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் மாயாமாளவகௌளை ராகத்துக்கு அவ்வளவு நெருக்கமாக நிற்கிறது அதன் சுர வரிசை. பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தலையாட்டினேன்.

அங்கேதான் வாகிஃப் செய்த வேலையின் கடினம் எனக்குப் பிடிபட்டது. பதினொரு தந்தி கொண்ட தாரில் ஒரு ஸ்தாயிக்குள் விரல் அழுத்தப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மெட்டுகள், வீணையில் இருப்பது போல், கட்டியிருக்கிறார்கள், நுண்சுரங்களுக்கு இடம் இருக்கிறது. பியானோவில் பன்னிரண்டு கட்டைகள்தான். இழுக்கவும் முடியாது, வளைக்கவும் முடியாது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகமே கொடுக்க முடியாத வாத்தியத்தில் கமகத்தால் உயிர் வாழும் இசையை எப்படி வாசிப்பது? பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை மின்னல் வேகத்தில் மாறி மாறித் தொட்டு, பிரதான சுரத்துக்கு முன்னால் ஒரு துளிச் சுரத்தைச் சிந்தி, ஒரே சுரத்தைத் தார் வாசிப்பவரின் மீட்டலைப் போலப் படபடவென்று அடித்து, வாகிஃப் அந்த வளைவு இருப்பதாக நம் காதை நம்பவைக்கிறார். இடது கை ஜாஸின் அடர்ந்த சுர அடுக்குகளை வைக்கிறது. வலது கை முஃகாமின் ஒழுங்கை ஓர் இடத்தில்கூட மீறுவதில்லை.

ஃப்யூஷன், அதாவது இணைப்பிசை என்ற பெயரில் மேலே ஒரு ராகத்தைத் தூவி அடியில் ஒரு டிரம்ஸை ஓடவிடும் சோம்பேறித்தனத்தை நிறையக் கேட்டு அலுத்தவன் நான். இது அந்த ரகம் அல்ல. ஜாஸுக்கும் முஃகாமுக்கும் பொதுவான இடம் அந்தக் கணத்துக் கற்பனையான மனோதர்மம் என்பதைக் கண்டுகொண்டு, அங்கேயே வீடு கட்டியிருக்கிறார். அவர் ஒருவர் மட்டுமல்ல, பியானோ கலைஞர் ரஃபிக் பாபாயேவ் போன்றவர்களும் அதே பாதையில் நடந்தார்கள். பாபாயேவ் 1994இல் பாகு மெட்ரோ குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். அதைப் படித்த பிறகு அந்த ஆழமான சுரங்க ரயில் நிலையங்களின் படிகளில் இறங்கும்போதெல்லாம் அவர் நினைவு வந்தது.

அடுத்த இரவு ஒரு ஜாஸ் விடுதிக்குப் போனேன். நுழைவுக் கட்டணம் தனி, உள்ளே குறைந்தது இவ்வளவுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்ற நிபந்தனை தனி. எலுமிச்சைச் சாறு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் பாதி பயணிகளுக்காக வாசித்த பழைய அமெரிக்க மெட்டுகள். சரியாக வாசித்தார்கள், ஆனால் அதற்குப் பாகு வரை வர வேண்டியதில்லை. பிற்பாதியில் ஓர் இளைஞர் பியானோவில் உட்கார்ந்து வாகிஃபின் இசையை எடுத்ததும் அதுவரை பேசிக்கொண்டிருந்த உள்ளூர் மேசைகள் அமைதியாகிவிட்டன. செகாஹ் இழைந்த ஓர் இடத்தில் பின்னாலிருந்த பெரியவர் நம் சபாக்களில் கேட்பது போலவே ஒரு பாராட்டை உரக்க வீசினார். கொடுத்த காசு அந்தப் பதினைந்து நிமிடத்துக்கே சரியாகிவிட்டது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாகிஃப் அடக்கமான இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். மேட்டில் இருக்கும் ஃபக்ரி ஹியாபான் என்ற மயானம், நாட்டின் பெரிய கலைஞர்களும் தலைவர்களும் அங்கே இருக்கிறார்கள். கோட்டை வாசலில் நின்ற டாக்சிக்காரர் 20 மனாத் கேட்டார். கைபேசிச் செயலியில் அதே தூரத்துக்கு ஐந்துக்கும் குறைவு. அதைக் காட்டியதும் பதினைந்து என்றார், நான் நகர்ந்ததும் பத்து என்றார். ஆயிரம் ரூபாயை அப்படிக் கூசாமல் கேட்கிற மனிதருக்கு ஐந்துகூடக் கொடுக்கக் கூடாது என்று மேட்டுப் பாதையில் எதிர்க்காற்றில் நடந்தே போனேன். நல்ல மூச்சு வாங்கியது. செயலியில் வண்டி பிடித்துக்கொள்ளுங்கள், விவாதமே வேண்டாம்.

ஒரு குறை. பழைய நகரத்தில் காந்தப் பொம்மை, மாதுளை வடிவப் பீங்கான், கம்பளப் பை விற்காத கடை இல்லை. வாகிஃபின் ஓர் இசைத்தட்டு கேட்டு ஏறி இறங்கினேன், ஒருவரிடமும் இல்லை. உலகத்துக்குக் காட்ட இந்த ஊரிடம் இருக்கும் மிகச் சிறந்த பொருளை ஏன் விற்காமல் வைத்திருக்கிறார்கள்? சோவியத் காலத்தில் வெளிவந்த பதிவுகள் பல இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன என்பதுதான் ஆறுதல்.

போகிறவர்களுக்கு என் யோசனை இது. முதல் நாளே முஃகாம் மையத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து டிக்கெட் வாங்கிவிடுங்கள், கச்சேரி தினமும் இருக்காது. அதைக் கேட்ட பிறகு நினைவு இல்லத்துக்குப் போங்கள். ஜாஸ் விடுதிக்குப் போவதானால் வெளியே குதாப் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள், உள்ளே விலை தாங்காது. சுராஹானி நெருப்புக் கோயில், அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டுகள், விசாவுக்கு ஆன செலவு எல்லாம் அடுத்த பதிவில்.